மஹீன் போட்ட பூண்

அன்று பட்டறையில் மூன்று பேர் இருந்தோம். நான் லேத்தின் முன்னால் நின்றிருந்தேன். சாலமன் வாசலில், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தான். ஜெரி லேத்தின் இடது கோடியில், ஸ்டூலில். ஜெரியின் மனைவி பிலோமி போனில் என்னைக் கேட்டதும் இதைத்தான்: "யார் யார் இருந்தீங்கண்ணே, எங்கெங்க குந்திகினு இருந்தீங்க?" கேட்ட வரிசையிலேயே பதில் எழுத என்னைச் சோளிங்கர் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் என் பட்டறை. படகு இன்ஜின் சாமான்கள் கடைவது தொழில். ஜெரி துறைமுகத்தில் கிளார்க். மாலையில் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரன். அவனுக்காகத்தான் நான் பந்தடிக்கிற குச்சி வேலை கற்றுக்கொண்டேன்.

குச்சியின் நுனியில் பந்தைத் தொடுவது தோல். தோலுக்குக் கீழே விரற்கடை நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பூண் இருக்கும். அது இல்லாவிட்டால் அடிக்கிற அடியில் மரம் பிளந்துவிடும். மரத்தின் முனையை மெலிதாகக் கடைந்து, பூணைத் துளைத்து, ஏற்றி ஒட்ட வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பது அவசரக்காரர்களின் நினைப்பு. பசைக்கும் காற்றுக்கும் மயிரிழை இடம் விடாவிட்டால் பூண் கொஞ்ச நாளில் கீறல் விடும். காய்ந்த பிறகு இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கடைய வேண்டும். கண்ணை மூடித் தடவினால் மரம் எங்கே முடிந்தது என்று தெரியக்கூடாது. நான் போட்டதை ஜெரி கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பான். "சோப்பு மாதிரி கீது மாமு!"

திருவொற்றியூரில் அவன் கோப்பை ஜெயித்த அன்று நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் மாலையோடு நின்றிருந்தேன். பெரிய கிளப்காரர் ஒருவர் குச்சியை வாங்கித் தடவிப் பார்த்து, யார் வேலை என்று கேட்டார்.

"மஹீன் பாய் வேலை சார்" என்றான் ஜெரி.

மஹீனுக்கு மவுண்ட் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. நல்ல மனிதர். அதுவரை அந்தக் குச்சியை அவர் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து கேட்டேன். "இன்னா மாமு, இதுக்குப் போய் பேஜார் பண்ணிகினு. இன்ஜின் கடையிற லேத்துல செஞ்சதுன்னா அவுனுங்க மதிப்பானுங்களா?" என்று தோளில் கை போட்டான். மாலையை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

சொன்னதை மெய்யாக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, அடுத்த வாரமே மஹீனிடம் போய், என் பூணை அறுத்தெறிந்துவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டான். அது ஒரு மாதத்தில் கீறல் விட்டது. நான் முதலில் சொன்ன அந்த நாள் காலையில் எனக்குப் போன் செய்தான். "கோச்சிக்காத மாமு. சனிக்கெழம மேட்ச் கீது. உன் கைதான் வோணும்."

வரச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஏசி ரூம்ல ஒட்ன பூணாச்சே நைனா," என்று சாலமன் வாசலிலிருந்து சீண்டினான். "எங்க ஊரு வெயில்ல வெளிய வந்தா வெடிக்காம இன்னா பண்ணும்?" ஜெரியும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நுனியைக் கடையும்போது குச்சியின் மீதி நீளம் லேத்துக்குள் நுழைந்து இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கடைசியில் கனமான பித்தளை மரை. அந்த வாலை ஒரு வளையத்தில் திருகுகள் போட்டுப் பிடித்திருப்பேன். பிடிக்காமல் வேகம் கொடுத்தால் வால் சாட்டையாகிவிடும். அதனால் அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டேன். ஸ்டூல் எப்போதும் வாசலோரம்தான் கிடக்கும்.

ஜெரியின் போன் வந்த பிறகு ஸ்டூலை நான் இடம் மாற்றினேன். உட்கார்ந்தால் முகம் வாலுக்கு நேராக வருகிறதா என்று நானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். அவன் வந்ததும், "இங்க உட்காரு, காத்து வரும்" என்றேன். குச்சியை மாட்டினேன். திருகுகளை முடுக்கவில்லை. வேகத்தை மேலே தள்ளினேன்.

வலது கண். குச்சியின் மேல் தாடையைப் பதித்துக் குறி பார்க்கும்போது அவன் நம்புவது அந்தக் கண்ணைத்தான். கண் போகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. நினைத்தேன்.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. "கைய வுடாத மாமு" என்றான். விடவில்லை.

குச்சி உடைந்தபோது நுனியில் இருந்த பூணும் சிதறிப்போயிருந்தது. சாலமன் பார்த்தது அதைத்தான். மஹீன் போட்ட பூண் வெடித்துக் கண்ணில் பாய்ந்தது என்று அவன் சொல்ல, ஜெரியும் நம்பினான். மாதா கோயில் தெரு முழுக்க அதுவே பேச்சு. ஆஸ்பத்திரிக்கு மஹீன் வந்தார். ஆரஞ்சுப் பையோடு படியிலேயே உட்கார்ந்து, "என் கையால ஆயிடுச்சு ராசையா அண்ணே" என்று அழுதார்.

அவரைத் தேற்றினேன். ஆனால் அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், குற்றமில்லாத மனிதர்மேல் இந்தப் பழி நிற்கக்கூடாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதையெல்லாம் இதே வரிசையில் பிலோமிக்கு எழுதினேன். முடுக்காமல் விட்ட அந்தத் திருகுகளைக் கழற்றி எந்த டப்பாவில் போட்டிருக்கிறேன் என்பதையும் எழுதினேன்.

உறையின் மடிப்பில் பூண் ஒட்டுகிற பசையையே மெலிதாகத் தடவி, காற்று நிற்காமல் விரலால் நீவினேன். தபாலாபீஸில் பதிவுத் தபாலுக்கு நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, பெறுநர் பேரு பொடியா கீது, அனுப்புநர் பேரு இம்மாம் பெருசா எழுதிக்கீறீங்க?"

"இருக்கட்டும்மா," என்றேன். "இந்தத் தடவையாவது வேலை யாருதுன்னு தெரியட்டும்."

முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டார்.