கறண்ட் நின்ற வீடு

கிட்ட வாருங்கள், செல்லங்களே. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். பெரிய விஷயமில்லை. ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் போன கதை.

என் தங்கை றஞ்சனி விடியுமுன்பே கார்மென்ற்ஸ் தொழிற்சாலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்விடுவாள். அவளுடைய மகள் சுதாஜினிக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. மாலை வகுப்பும் முடிந்து, பொழுதுபடுகிற நேரத்தில் விசுவமடுவில் இருக்கும் என் வீட்டுக்கு வருவாள். சாப்பிட்டுவிட்டு மேசையில் கொப்பியை விரிப்பாள். நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். பென்சில் தாளில் ஓடுகிற சத்தம் கேட்கும். என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட மனிதச் சத்தம் அதுதான். தாய் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போன பிறகும் அவள் இருந்த கதிரையை நான் உள்ளே தள்ளி வைப்பதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையில் தேறினால் வவுனியாவில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம் என்று றஞ்சனி சொன்னாள். "பிறகு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாள் அக்கா." அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பயறு அவித்துக் கொடுத்ததாக நினைவு.

சுகந்தினி ரீச்சரின் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுப்பாடம் மூன்று தரம் பிந்தினால் புலமைப்பரிசில் வகுப்பில் இடமில்லை. நியாயமான காரணம் இருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகள் பொறுப்பாக வளர வேண்டும் என்பது அவரின் எண்ணம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

என் வீட்டு மெயின் சுவிச் குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் கணக்கைத் தொடங்கியிருந்தாள். தேத்தண்ணீர் போடப் போன நான் அதைக் கீழே இறக்கிவிட்டேன்.

"கறண்ட் நிண்டிட்டுது பிள்ளை."

"முன்வீட்டில லைற் எரியுதே பெரியம்மா?"

"அது வேற லைன்."

"அவை குடுத்து வைச்சவை," என்றாள். இருவரும் சிரித்தோம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றும் சொன்னேன். இருட்டில் கதை சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கை, சூடாக இருந்தது. தாய் வரும்போது அவள் நித்திரையாகிவிட்டாள்; சுவிச்சை நான் திரும்ப ஏற்றியிருந்தேன்.

அடுத்த கிழமையும் கறண்ட் நின்றது. பிறகு இன்னொரு நாளும்.

ரீச்சர் ஆளனுப்பினார். றஞ்சனிக்கு லீவு இல்லாததால் நான்தான் போனேன். கதிரை தந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, கறண்ட் இல்லையெண்டு பிள்ளை சொல்லுது. நீங்கள் ஓமெண்டால் நான் விட்டிடுவன்."

நான் பக்கத்தில் நின்ற சுதாஜினியின் சப்பாத்தைப் பார்த்தேன். வெள்ளை பூசி, சுத்தமாக இருந்தது.

"எங்கட பக்கம் கறண்ட் நிக்கேல்லை ரீச்சர்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரீச்சரின் பக்கம் திரும்பினாள். "நான்தான் பொய் சொன்னனான் ரீச்சர். விளையாடிட்டன்."

"செய்த பிழையை ஒத்துக்கொள்ளுறது நல்ல பழக்கம்," என்று அவளுடைய தலையைத் தடவிவிட்டு ரீச்சர் பெயரை வெட்டினார்.

விடுதிப் பேச்சு அதோடு முடிந்தது. தாய் அடித்தாள். நான்தான் குறுக்கே போய்த் தடுத்து, அடிபட்ட இடத்துக்கு எண்ணெய் பூசினேன்.

இப்போது வளர்ந்து, அவளும் தாயோடு அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது முதலில் என் வீட்டுக்குத்தான் வருவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வந்தவள், நேரே குசினிக் கதவுக்குப் பின்னால் போய் மெயின் சுவிச்சைத் தானே இறக்கினாள். தேடவில்லை. கை நேராக அங்கேதான் போனது. அன்றிலிருந்து அப்படித்தான். இருட்டில் வந்து அதே கதிரையில் இருப்பாள். நான் கதை சொல்வேன். நான் கையை நீட்டினாலும் அவள் தன் கையைத் தருவதில்லை. வேலைக் களைப்பு, பாவம்.

என்னோடு இருக்க அவளுக்கும் எவ்வளவு விருப்பம் என்று பாருங்கள்.

சரி, தேத்தண்ணீரைக் குடியுங்கள். உங்கள் வீடுகளில் வெளிச்சம் நிறையட்டும். உங்கள் பிள்ளைகள் ஒருவரும் உங்களை விட்டுத் தூரம் போகாதிருக்கட்டும்.