மணவாளநல்லூர் பிராது

— அப்படி இல்லக்கா. நீங்க இப்ப பட்டம்மாள் இல்ல, வார்டு ஆயாவும் இல்ல. நிலக்கரி மைன்ஸ்ல வேல பாக்குற ஆம்பள. குடிக்கிறவரு. நான் இந்த ஆஸ்பத்திரியில குடிக்கிறவங்களுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர் சந்திரா. கதவத் தட்டிட்டு உள்ள வாங்க.

— சிரிப்பு வருதும்மா. மீசகூட இல்லியே எனக்கு.

— மீச எதுக்கு? ட்ரெயினிங்ல இப்படித்தான் ஒத்திகை பாக்கச் சொன்னாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு என்னோட முதல் ஆளு வராரு. குடிச்சிட்டு ஷிஃப்டுக்கு வந்து ரெண்டு மெமோ வாங்கினவரு. இன்னொண்ணு வாங்கினா வேல போயிரும். நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டு எந்திரிச்சுப் போயிட்டாருன்னா...

— திரும்பி வரமாட்டாரு. ஆமா... சரி, கேளுங்க.

— வணக்கம், உக்காருங்க. உங்க பேரு?

— பேரெல்லாம் இன்னாத்துக்கு?

— ஃபாரத்துல முதல் கேள்வியே அதுதானேக்கா. நாளைக்கு வர்றவரு பேரு கொளஞ்சிநாதன். அதையே சொல்லுங்களேன்.

— அய்ய... அது வேணாம்மா. கலியன்னு வச்சிக்குங்க.

— சரி, கலியன். எந்த வயசுல குடிக்க ஆரம்பிச்சீங்க? வாரத்துல எத்தன நாளு? எவ்வளவு?

— பாத்தீங்களா! போலீசு கேக்கறாப்ல கேக்கறீங்க. இப்பவே எழுந்து நேரா சாராயக்கடைக்குத்தான் போவேன்.

— மெட்ராஸ்ல அச்சடிச்சுக் குடுத்த ஃபாரம்க்கா.

— மெட்ராஸ்காரங்க சொல்லுவாங்க போல. எங்க வடக்குத்து ஊரு ஆம்பளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க. சாப்ட்டியா, எந்த ஷிஃப்டு, முந்திரி பூ வச்சிச்சான்னு மொதல்ல கேளுங்க. அந்தக் காயிதத்தக் கவுத்து வைங்க.

— வச்சிட்டேன்... சாப்பிட்டீங்களா கலியன்?

— ஆச்சிங்க. பழைய சோறு.

— முந்திரி பூ வச்சிருச்சா?

— வச்சிது. பனில கருகிப் போச்சி.

— அடடா... அதுதான் முகம் வாடியிருக்கா?

— அது இல்லீங்க. நான்... குடிய வுட்டவன். மணவாளநல்லூரு போயி பிராது கட்டினேன்.

— பிராதா? கோர்ட்லயா?

— கோர்ட்டு இல்லீங்க, கோயிலு. விருத்தாசலத்துக்கிட்ட முருகன் கோயிலு...

— கொளஞ்சியப்பர் கோயிலா? பஸ்ல போர்டு பாத்திருக்கேன்.

— ம்... அதான். கொறைய வெள்ளக் காயிதத்துல மனுவா எழுதி, அங்க முனியப்பரு சன்னதி வேல்ல கட்டிட்டு வரணும். சாமி விசாரிச்சித் தீத்து வைக்கும். ‘இந்தக் குடிய எங்கிட்டேருந்து பிரிச்சி வுட்டுடு சாமி’ன்னு எழுதிக் கட்டினாரு... கட்டினேன்.

— சொல்லுங்க.

— எழுவது நாளு தொடலம்மா. அப்பறம் பங்காளி வூட்டுக் கருமாதி. ஊத்திக் குடுத்துட்டாங்க. ஒரே கிளாசு. சாமிய ஏமாத்திட்டோம்னு பயம் புடிச்சிகிச்சி. பயந்துகினே குடிக்கிறது, குடிச்சிட்டுப் பயப்படறது. பஸ்ஸு அந்தப் பக்கம் போனா கண்ண மூடிக்கிறாரு.

— அவர்கிட்ட நான், ‘அதெல்லாம் மூடநம்பிக்கை, மாத்திரையப் போடுங்க’ன்னு சொன்னா?

— எழுந்து போயிடுவாரு. உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு.

— அக்கா... ஒண்ணு கேக்குறேன். வேண்டினது நடந்துட்டா பிராத என்ன செய்யணும்?

— திரும்பப் போயி, நடந்துட்ச்சி, வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுக்கணும்.

— இவரு வாங்கினாரா?

— எங்க! எந்த மூஞ்சிய வச்சிகினு போவாரு?

— அப்ப பிராது இன்னும் சாமிகிட்டதானே இருக்கு? அவரும் வாபஸ் வாங்கல, சாமியும் தள்ளுபடி பண்ணல. வாய்தா தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.

— வாய்தாதானா... தள்ளித்தான் போயிருக்கா?

— என்னக்கா? தப்பாச் சொல்லிட்டேனா?

— இதையே சொல்லுங்கம்மா. நாளைக்கி இதையே சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— மாத்திரையும் குடுப்போம். பத்து நாளு வார்டுல படுக்கணும்.

— படுப்பாரு. சாமி இன்னும் விசாரிச்சிகினுதான் இருக்குன்னா படுப்பாரு.

— கண்ணத் தொடைங்க. கலியன் அழலாமா?

— தூசும்மா... நெலக்கரித் தூசு.

— ஜன்னல் சாத்தியிருக்கேக்கா.

— சந்திராம்மா... உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். வைவீங்களோ என்னமோ. நாளைக்கி வர ஆளு... அவரு வந்து... எங்க...

— பேர நீங்க சொல்ல வேண்டாம்க்கா. ஃபைல்ல மனைவி பேருக்கு ஒரு கட்டம் இருக்கு. ‘பட்டம்மாள், வார்டு ஆயா’ன்னு அவரே கைப்பட எழுதியிருக்காரு. இல்லன்னா ஒத்திகை பாக்க, இம்மாம்பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு மீச வச்ச ஒரு ஆம்பளகூடவா கெடைச்சிருக்க மாட்டாரு?