மகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட கேள்விகள்

பெருமதிப்பிற்குரிய வைத்தீஸ்வரன் சார் அவர்களுக்கு, மும்பை செம்பூரில் நம் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் பணி ஓய்வு நாளில் வாசித்தளிக்கும் மடல்.

எங்கள் நினைவு சரிதானா என்று தெரியவில்லை. லேசர் மெஷின் வந்தது 2012 என்கிறார் சஃப்ரீன் சிஸ்டர். அடுத்த வருஷம் என்கிறேன், இதை வாசிக்கும் பாகீரதியான நான். முதல் நாளிலிருந்து டெக்னீஷியனாக அதை இயக்கியவர் நீங்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே போய், ஆண்களுக்கு வயதானால் வீங்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுக்கிற சிகிச்சை. பயந்து கிடக்கும் தாராவித் தமிழர்களிடம், "அண்ணாச்சி, ஒரு கீறல் விழாது. ரெண்டு நாள்ல டியூபை எடுத்துடுவோம்" என்பீர்கள். அவர்கள் முகம் தெளியும்.

ஆனால் உங்கள் பெரிய வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடந்தது. அப்பாக்களுக்கு டாக்டரிடம் பேசுமளவு ஹிந்தி வராது. மகள்கள்தான் நடுவில் நின்று சொல்வார்கள். நீங்கள் தியேட்டரிலிருந்து கீழே டாக்டர் பார்க்கும் இடத்துக்கு இறங்கி வந்து, மகளை டீ வாங்க அனுப்பிவிட்டு, "ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறேள்? வேட்டி நனையறதா?" என்று மெல்லக் கேட்டு டாக்டரிடம் சொல்வீர்கள். "வைத்தி சார் டீ பார்ட்டி ஆரம்பிச்சாச்சு" என்று நாங்கள் சிரித்தோம்.

இசக்கிதுரை வந்த திங்கட்கிழமை கூட்டம் அதிகம். தாராவியில் தோல் பை தைப்பவர். கூட வந்தவள் மகள் இசக்கிசெல்வி. வழக்கம்போல் வந்த உங்களிடம் எல்லார் முன்னிலும் நான் சொன்னேன்: "அந்தப் பொண்ணே நல்லா ஹிந்தி பேசுது சார். டாக்டர் அவசரப்படுறார். நீங்க மேல போங்க." நீங்கள் மேலே போய்விட்டீர்கள்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்றார் இசக்கிதுரை மகளிடம். உடையிலேயே சிறுநீர் கசிகிறதா என்ற கேள்வியை அந்தப் பெண் தமிழில் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நஹீ, டாக்டர்" என்று தானே ஹிந்தியில் மறுத்துவிட்டாள். எனக்குத் தமிழும் தெரியும், ஹிந்தியும் தெரியும். இரண்டும் காதில் விழுந்தன. அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்து வைத்தேன். அவருக்கு மாத்திரை மட்டும் எழுதி அனுப்பினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அடிவயிறு வீங்கி வந்தார். டியூப் போட்டதும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் இறங்கியது. முதல்முறை வரும்போதே வேட்டி நனைந்துகொண்டிருந்தது என்று உங்களிடம்தான் சொன்னார். நீங்கள் மெஷினை இயக்க, லேசர் சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. அடைப்பு நீங்கியது. அத்தனை காலம் நிரம்பி விரிந்தே கிடந்த சிறுநீர்ப் பைக்குத் தள்ளுகிற பலம்தான் திரும்பவில்லை.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இறங்கி வந்தீர்கள். நானும் ஆறு வருஷமாக அதைப் பற்றிப் பேசவில்லை. இன்று இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன். இதையும் சேர்த்தே மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

முப்பத்தொரு வருஷம் பிறர் வெட்கத்தைக் காப்பாற்றிய உங்களுக்கும் உங்கள் துணைவியார் அபயாம்பாள் அம்மாவுக்கும் உடல்நலமும் நிம்மதியான நீண்ட நாட்களும் அமைய வேண்டும்.

இசக்கிதுரை சிறுநீரை வெளியேற்றத் தினம் நான்கு முறை தானே டியூப் போட்டுக்கொள்கிறார். பை தைப்பதை விடவில்லை. இசக்கிசெல்வி கல்யாணமாகி கோவண்டியில் இருக்கிறாள். அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நீங்கள் வாஷியில் மகன் வீட்டுக்குப் போகிறீர்கள். மெஷினை இனி ஆஷிக் இயக்குவார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் அந்த அப்பாக்கள் சொல்வதில்லை.

சிறுநீரகப் பிரிவு ஊழியர்கள் சார்பில்,
பாகீரதி, பதிவு மேஜை