முனகி கூப்பிட்ட பக்கம்

"பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு? யாரும் உன்னை ஒண்ணும்—"

"ஆக, காட்டிக்கொடுத்தது நீங்கதான். ஆமாவா, இல்லையா, அதை மட்டும்—"

"காட்டிக்கொடுக்கலம்மா, காட்டினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. பெருமையாதான் காட்டினேன், என் பொண்டாட்டியைப் பாருங்கன்னு—"

"கிழவி ஒருத்தி கன்னத்தை உப்பிக்கிட்டுக் குழாய் ஊதுறதுல உங்களுக்கு என்ன பெருமை?"

இந்த இடத்தில் பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் தணித்து, பாத்திரத்தை இறக்கி, மேடையைத் துடைத்துவிட்டுத்தான் நான் மறுபடி பேச வந்தேன். சண்டை காத்திருக்கும், பால் காத்திருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்களாக எழுதிவிடக் கூடாது. மெதுவாகவே சொல்கிறேன் ஐயா, அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் விடுதி சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. சமையலும் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும் என் வேலை. தங்க வருகிறவர்களைப் பலகைப் பாதையில் அழைத்துக்கொண்டு போய் முனகியின் கதையைச் சொல்வது என் வீட்டுக்காரர் வேலை. முனகியைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சதுப்புக்குள் ஏதோ ஒரு பிராணி இருக்கிறது என்பார்கள், கண்ணால் கண்டவர் இல்லை, குரல் மட்டும்தான். எருமை கனம் என்பார் ஒருவர், மின்கம்ப நீளம் என்பார் இன்னொருவர். பார்க்காதவர்களுக்குத்தான் அளவு நன்றாகத் தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் கருவிகளோடு வந்தார்கள். ஏதோ பறவை என்றார்கள், சேற்றிலிருந்து கிளம்பும் வாயு என்றார்கள், ஒன்றையும் நிரூபிக்காமல் போனார்கள். அவர்களுக்கும் நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் தாமதமாக, தொப்பலாக நனைந்து வந்தார். "கேட்டேம்மா. என் எலும்புக்குள்ள கேட்டுது," என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளக்குப் போடாமலே வீட்டில் வெளிச்சம். அப்படி ஒரு முகத்துக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அவருடைய அண்ணன் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும், "இவன் பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே புளுக ஆரம்பிச்சவன்," என்றார். கடைக்காரர், "முனகி வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு டீ," என்று குரல் கொடுப்பார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே குனிந்துகொள்வார். பிறகு ஒரு நாள் அந்த அண்ணனே நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, "எங்கடா உன் முனகி, கூப்பிடு பார்க்கலாம்," என்று பலகைப் பாதையில் நின்றார். நான் வீட்டுக்குப் பக்கத்தில் பம்ப் அறையில் துவைத்துக்கொண்டிருந்தேன். உடைந்த குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது, காலிப் பீப்பாய் ஒன்று கிடந்தது. குழாயின் ஒரு முனையைப் பீப்பாய்க்குள் விட்டு மறுமுனையில் வாய் வைத்து ஊதினேன்.

வெளியே சிரிப்பு நின்றது. அண்ணன் ஓடிவந்த வேகத்தில் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

"கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சோப்பு நுரைக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கு என்னங்க கேட்கும்?" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஆட்கள் வந்த போதெல்லாம் ஊதினேன், அதே பொய்யைச் சொன்னேன், அது வேறு விஷயம். பிரசவத் தையல் காய்வதற்குள் ஊதினேன். என் அம்மா இறந்த செய்தி வந்த அன்றைக்கு, வந்திருந்தவர்களுக்கு ஊதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். குடலிறக்கம் என்று போனபோது டாக்டர், "ஏதாவது வாத்தியம் வாசிப்பீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, வீட்டு வேலைதான்," என்றேன். அது பொய் இல்லை.

அவர் விருந்தாளிகளிடம் ஒன்று சொல்வார்: "மூடுபனியில வழி தெரியலன்னா பயப்படாதீங்க. முனகி கூப்பிடுற பக்கம் நடங்க, வீடு வந்துரும்." நான் ஜன்னலோரம் நின்று கேட்டு, எப்பேர்ப்பட்ட நம்பிக்கை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பனி இறங்கினால், விருந்தாளிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் திரும்பும் வரை ஊதுவேன்.

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடைபெற வந்தார். "உங்க மூச்சு இன்னும் கிண்ணுன்னு இருக்கும்மா. நேத்து ஜன்னல் வழியா எல்லாரும் பார்த்தோம். கண்ணு பட்டுறப் போகுது, சுத்திப் போடச் சொல்லுங்க," என்றார்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடைசியில் அதுதானாம். கதை முடிந்ததும் வாயில் விரலை வைத்துக்காட்டி, அடிமேல் அடி வைத்து அழைத்துவந்து, பம்ப் அறையின் பின் ஜன்னலில் ஒவ்வொருவராக எட்டிப்பார்க்க விடுவாராம். சிலர் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்களாம். அந்த ஜன்னலுக்குக் கீழே மட்டும் புல் முளைக்காததை நான் கவனித்திருக்கிறேன். நிழல் விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதுதான் அந்தச் சண்டை. பாலை இறக்கிவைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சரி, அது போகட்டும். முதல் தடவை நீங்க கேட்டீங்களே, அது?"

"எது?"

"கல்யாணமான புதுசுல. நனைஞ்சு வந்தீங்களே."

அவர் சிரித்துவிட்டார். "அட, அதை இன்னுமா வச்சிக்கிட்டிருக்க? சீட்டாட உட்கார்ந்துட்டேம்மா, நேரம் போனதே தெரியல. புதுப் பொண்டாட்டிகிட்ட ஏதாவது சொல்லணும்ல?"

"முகம் அப்படி ஜொலிச்சுதே."

"ஜெயிச்சிருந்தேன்ல."

காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

மறுநாள் காலை நல்ல மூடுபனி. பலகைப் பாதையில் ஒரு பலகை இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டு வருகிறேன் என்று சுத்தியலோடு போனார். நான் விரிப்புகளை ஊறவைத்தேன். பிறகு குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரமாகச் சுற்றி மறுபக்கம் போனேன். அங்கே பழைய மதகு ஒன்று இருக்கிறது. அதன் வாய் பீப்பாயைவிட நன்றாக முழங்கும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றியதுண்டு. பலகைப் பாதைக்கும் மதகுக்கும் நடுவில் பச்சைப் பாய் விரித்தது போல ஒரு இடம். அடியே கிடையாது, நாய்கூடக் கால் வைக்காது. வருகிற விருந்தாளிக்கு நாங்கள் முதலில் சொல்லும் எச்சரிக்கை அதுதான். அவரைவிட நன்றாக அதை அறிந்தவர் இல்லை. ஆனால் பனியில் பச்சை தெரியாது. சத்தம்தான் தெரியும்.

சுத்தியல் ஓய்ந்ததும் ஊதினேன்.

அவர் தயங்கியதாகத் தெரியவில்லை. சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பலகையில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை, பிறகு சீட்டியும் நின்றது.

நான் தள்ளவில்லை, தொடவில்லை. கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள், மறுக்கப் போவதில்லை. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். ஆனால் கூடவே இதையும் எழுதுங்கள். அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். மதகின் மேல் ஒரு நீள ஏணி கிடந்தது, என் கை அதன் மேல்தான் இருந்தது. முனகி என்று ஒரு தடவை, சும்மா வாய்வார்த்தையாகவாவது கூப்பிட்டிருந்தால் ஏணியை நீட்டியிருப்பேன். அந்தப் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. வாழ்நாளெல்லாம் அந்தப் பெயரை விற்றுச் சாப்பிட்டவர். நம்பாதவரை அது எப்படிக் காப்பாற்றும்?

அவர் கூப்பிட்டபோது பதில் ஏன் கொடுக்கவில்லை என்கிறீர்கள். முனகிக்குப் பேச்சு வராது ஐயா.

என்னையாவது நம்பினாரா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு பொழுதும் நம்பியதில்லை என்றுதான் தோன்றுகிறது. நம்பியிருந்தால் என்னிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்.

அவர் கடைசியாகச் சொன்னதும் வேண்டுமா? பயந்த குரல் இல்லை. கூப்பாடு இல்லை. அடுப்படியில் நிற்கிறவளிடம் துண்டு கேட்பது போலத்தான் இருந்தது. நான் குழாயை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"ஏம்மா, இன்னொரு தடவை ஊது. நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு தெரியல."