காட்டு வழியாக வரும் யானைகள்

ஐந்தாம் வகுப்போடு நின்று மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். என் காதுக்குத் தப்பி ஒரு பேச்சு போகாது. அன்று கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில், ஆண்கள் பக்கம் இருந்த ஒருவர், பெண்கள் பக்கம் இருந்த மனைவியிடம் உரக்கச் சொன்னார்:

“செல்வி, நீ பாலத்த ஒடச்சி அவங்க குதிரைங்கள தடுத்துடு. நான் காட்டு வழியா யானைங்கள கொண்டாந்து கோட்டைய புடிச்சிடறேன்.”

திடுக்கிட்டுத் திரும்பினேன். இருவர் கையிலும் செல்போன். அதில் சண்டை விளையாட்டு.

“இருங்க, இப்ப எங்கண்ணன் முறை. அவரு ஆள நகத்துனப்புறம்தான் நாம.”

“நகத்தட்டும். காட்டுப் பக்கம் காவலே இல்ல. தோத்தவங்கதான மரவள்ளி புடுங்கணும்? ஞாயித்துக்கெழம உங்கண்ணன் நம்ம கொல்லையில குனிஞ்சிகினு நிப்பாரு பாரு!”

செல்விக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த அவள் அம்மா, மடியிலிருந்து பட்டன் போனை எடுத்து மகனை அழைத்தார்.

“டேய் குமாரு, காட்டுப் பக்கம் ஆள நிறுத்துடா, யானை வருதாம். சீக்கிரம், மலை ஏறுனா டவர் போயிடும்.”

சற்று நேரத்தில் செல்வி அலறினாள். “இன்னாங்க, காடு பூரா வில்லுக்காரங்க நிக்கிறாங்க!”

மாப்பிள்ளை எழுந்தே விட்டார். “அத்த! இன்னாத்த இது?”

“அவனுக்கு ரெண்டு நாளா இடுப்பு வலிங்க மாப்ள,” என்றார் அந்த அம்மா. “நீங்கதான் கெழங்கு ஒடியாம புடுங்குவீங்க.”