அறுக்காமல் விட்ட குழாய்

அன்றிரவு எங்கள் காந்திதாம் வீட்டு மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நான், தம்பி தாமோதர், அவன் மனைவி ரம்பா, பக்கத்து வீட்டு ஹீர்ஜி. மின்சாரம் இல்லை. ஹீர்ஜிதான் என் அக்கா மருமகன் வேல்ஜியின் பேச்சை எடுத்தான்.

"ஊர்ல கேட்டத இங்க கொட்டாத. நடந்தத நான் சொல்றேன்" என்றேன்.

மதியம் இரண்டு மணி. உப்பளங்களுக்கு நடுவே காண்ட்லா துறைமுகச் சாலை... ஒரு காக்கை கூட இல்லை. ஒரு குழாயை அறுக்க வேல்ஜி ரம்பத்தோடு போனான். கூட உதவியாள் மேக்ஜி.

சோப்புக்கான மாட்டுக் கொழுப்பு கப்பலில் வந்த காலம் அது. சரக்கு இறக்கும் ரப்பர் குழாய்களைச் சோதிப்பது வேல்ஜியின் பொறுப்பு. தண்ணீர் நிரப்பி அழுத்துவான். புடைத்தால் தள்ளுபடி. தள்ளியதை அன்றே துண்டாக அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது எடுத்து மாட்டிவிடுவான். ஒன்றை மட்டும், நாளைக்கு அறுக்கலாம் என்று, தள்ளுபடிக்கான சிவப்புக் கோடு போட்டு விட்டுவிட்டான்.

அன்றைக்கே மாட்டினார்கள். வெடித்தது. இறக்குவதற்காகக் காய்ச்சிய கொழுப்பு கூலியாள் லாதாவின் மேல்... சிதையில் அவனுக்கு நெய் ஊற்றத் தேவைப்படவில்லை. அந்த நாற்றத்தோடு வேல்ஜி, முட்டை கூட நுழையாத எங்கள் வீட்டுக்குள் வந்தான்.

"அத அறுத்துட்டு வா. அதுவரைக்கும் இங்க ஒனக்குத் தட்டு கிடையாது" என்றேன்.

வெடித்த அந்தக் குழாயை மூன்று முறை நீராவியால் கழுவியிருந்தார்களாம். ஆனாலும் கெட்ட நெய்யும் ஈரத்தோலும் கலந்த வாடை. தொட்டால் சூடு. வெயில் படாத அடிப்பக்கத்தில் இன்னும் சூடு.

ரம்பம் இறங்கியது. க்ரீச்... க்ரீச்... வெட்டிலிருந்து மஞ்சளாகக் கொழுப்பு வழிந்தது. அதில் குட்டை குட்டையாகக் கறுப்பு முடி.

மேக்ஜி பிடியைத் தளர்த்தினான். "அண்ணே, விட்டுடலாம்... லாதா தலைமுடி மாதிரியே இருக்கு."

"ஒன் தலையிலயும் கறுப்புதான்டா. கெட்டியாப் பிடி."

உள்ளே க்ளக் என்றது... தொண்டை எதையோ விழுங்குவதுபோல. குழாய் மெல்லச் சுருங்கி, மறுபடி புடைத்தது. வேல்ஜி தலைத்துணியைப் பல்லுக்கிடையில் திணித்துக்கொண்டான். ரம்பத்தை நிறுத்தவில்லை.

அன்று மாலை மூன்று முறை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். தட்டு வைத்தோம். தொடவில்லை.

வேல்ஜி பாதியில் அலறிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் சொல்கிறது. பொய். எங்கள் வீட்டு ஆண்கள் அலறுவதில்லை. நாலு துண்டாக அறுத்து முடித்துவிட்டுத்தான் வந்தான். மேக்ஜி பக்கத்தில் நின்று காதால் கேட்டிருக்கிறான்.

அலறியது குழாய்.