கம்பி இல்லாமல் பார்த்த முகம்

அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவில், என் தம்பிக்குத் துணையாக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர், தனக்கு முன்னால் நின்றவரை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, நம்ம ஒயின் ஷாப்பு சேல்ஸ்மேன்தானே நீ? கம்பிக்குப் பின்னாலயே பாத்துக்கினு இருந்தேனா, முழுசா பாத்தா ஆளே தெரில."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "உன்னையும்தான் நாலு மாசமா கடைப்பக்கம் காணோம்."

"வுட்டுட்டேண்ணே. இங்க மாத்திரை குடுக்குறாங்க. நீ இன்னா இங்க?"

"நானும் அதுக்குத்தான் வந்தேன். சரக்கு இருக்குற பக்கமே போகாதன்றாங்க டாக்டரம்மா. என் பொழப்பே அதுக்குள்ளதானே?"

"அப்ப வேற எடம் கேளுண்ணே. கவர்மெண்ட்டுல இல்லாத எடமா?"

"கேட்டேம்பா. டாக்டர் சீட்டை வெச்சு மனு குடுத்தேன். மாத்திட்டாங்க."

"அப்புறம் இன்னா? எங்க போட்டாங்க?"

"பார் இல்லாத கடையில."

மணி பதினொன்றரை. வரிசை நகரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடையைத் திறக்காவிட்டால் மெமோ வரும் என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கி ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்.

"டூட்டிக்குப் போய்ட்டாரும்மா" என்றார் ஆட்டோக்காரர்.

"வைத்தியத்தை விட அப்படி என்ன பெரிய டூட்டி? எங்க வேலை?"

"உங்கள மாதிரியேதாம்மா. கவர்மெண்ட்டு."